கள்ளியில் பழுத்த இரண்டு பழங்கள்

அவிநாசியில் இப்போது எந்தப் பழக்கடைக்குப் போனாலும் டிராகன் பழம் இருக்கிறது. ஆப்பிளுக்கும் மாதுளைக்கும் நடுவே, ரோஜா நிறத்தில், செதில் செதிலாக உட்கார்ந்திருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் நின்று, "ஏனுங்க, இது சைனாப் பழங்களா?" என்று கேட்பார். கடைக்காரரும் ஆமாம் என்பார். பெயரில் டிராகன் இருக்கிறது, ஆகையால் சீனா. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், இந்தப் பழத்தின் பூர்வீகத்தை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சைகோன், மெக்சிகோ என்று சுற்றிவிட்டு, கடைசியில் அது என்னை இதே கொங்கு நாட்டின் பழைய வேலிகளுக்குக் கொண்டுவந்து விட்டது.

முதலில் பூர்வீகம். டிராகன் பழம் ஒரு கள்ளிப் பழம். மெக்சிகோவின் தெற்குப் பகுதியும் மத்திய அமெரிக்காவும் அதன் தாய்நாடு. அங்கே அதற்குப் பிட்டாயா என்று பெயர். கொலம்பஸ் போய் வருவதற்கு முன் இந்த வகைக் கள்ளி எதுவும் இந்தியாவில் கிடையாது. நம் சங்கப் பாட்டுகளில் வருகிற கள்ளி வேறு. ஒடித்தால் பால் வடியும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் தனிக் குடும்பம். முள் இருப்பதால் எல்லாவற்றையும் கள்ளி என்று நாம் ஒரே பெயரில் அழைத்துவிட்டோம்.

வியட்நாம்காரர்கள் இதைத் 'தான் லோங்' என்கிறார்கள். பச்சை டிராகன் என்று பொருள். பிறந்த ஊர் அமெரிக்கா என்றாலும், உலகச் சந்தைக்கு இந்தப் பழத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்கள் வியட்நாம்காரர்கள்தான். அங்கே பின்துவான் பகுதியில் இரவில் தோட்டம் முழுக்க மின்விளக்கு போட்டு, பகல் நீளமாக இருப்பதாகச் செடியை நம்பவைத்து, பருவமில்லாத காலத்திலும் பூக்க வைக்கிறார்கள். நம் நாட்டிலோ 2021 ஜனவரியில் குஜராத் அரசு இதற்குக் 'கமலம்' என்று பெயர் சூட்டியது. தாமரை போல இருக்கிறது என்பது ஒரு காரணம். டிராகன் என்றால் சீனா ஞாபகம் வருகிறது என்பது அப்போதைய முதலமைச்சர் விஜய் ரூபானி சொன்ன இன்னொரு காரணம். நம்மூர்க் கடை வாசலில் வருகிற சந்தேகம் காந்திநகரிலும் வந்திருக்கிறது!

நான் பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். அரசாங்க குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், மகனுக்குத் திருப்பூர்ப் பக்கம் வேலை அமைந்ததால் அவிநாசிவாசி ஆனேன். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் சைகோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருந்தன. 1859இல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். 1862 உடன்படிக்கையில் கொச்சின்சீனாவின் ஒரு பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. ஆட்சி என்று வந்தால் கணக்கு எழுத, வரி வசூலிக்க, சிறைச்சாலையைக் காவல் காக்க ஆள் வேண்டுமே. பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் பழைய குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அங்கே இன்னும் நல்ல உத்தியோகம் கிடைத்தது. 1875இல் தொடங்கிய இந்தோசீனா வங்கிக்குச் சைகோனிலும் கிளை, புதுச்சேரியிலும் கிளை. செட்டியார்கள் லேவாதேவிக்குப் போய் அங்கே முருகனுக்குக் கோயிலும் கட்டினார்கள். ஆகவே எங்களுக்குச் சைகோன் என்பது அடுத்த தெருவில் இருக்கிற ஊர் மாதிரி. டிராகன் பழம் என்ற ஒன்று உண்டு என்று எனக்கு முதலில் சொன்னதும் அப்படித் திரும்பி வந்த ஒரு பாட்டியம்மாதான். 'தான் லோங்' என்றுதான் சொல்வார். பனிக்கட்டி மேல் வைத்துச் சாப்பிட வேண்டுமாம். அப்போது நான் அதை நம்பவில்லை. கள்ளியில் பழம், அதைப் பனிக்கட்டியில் வைப்பதா!

வியட்நாமுக்கு இந்தப் பழத்தைக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. ஹாவர்த் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1830இல் இந்தச் செடிக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது, அவர் பார்த்த செடி சீனாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனில் கால் வைப்பதற்கு 29 ஆண்டுகள் முன்பே செடி ஆசியாவில் இருந்திருக்கிறது. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. வெள்ளி போயிற்று, பட்டு வந்தது. கூடவே எத்தனையோ செடிகளும் கடல் தாண்டின. அந்த வழியாக இது வந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதற்காக எல்லாப் பெருமையையும் பிரான்சுக்கே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதுவரை டிராகன் பழத்தின் கதை. இதைத் தெரு முனையில் இருக்கும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். எண்பத்தைந்து வயது. பரம்பரைக் குடியானவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கள்ளிப்பழம் எங்களுக்கென்னங்க புதுசு? நாகதாளிப் பழம் தின்னாத பையன் அந்தக் காலத்துல ஆருங்க இருந்தான்? எங்க அப்புச்சி காலத்துல ஊரைச் சுத்தி அதுதானுங்க காடு. அப்புறம் பூச்சி வுட்டு அழிச்சுப் போட்டாங்க" என்றார்.

பூச்சி விட்டு அழித்தார்கள் என்ற அந்த ஒரு வரிதான் என்னை ஒரு மாதம் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

நாகதாளி, சப்பாத்திக்கள்ளி என்று நாம் சொல்வதும் அமெரிக்கச் செடிதான். டிராகன் பழத்துக்கு ஒன்றுவிட்ட பங்காளி. பழத்தின் மேலே கண்ணுக்குத் தெரியாத பொடிமுள் இருக்கும். பையன்கள் அதைக் குச்சியால் பறித்து, மண்ணிலும் புல்லிலும் புரட்டித் தேய்த்து, பிளந்து, நடுவில் இருக்கும் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். அவசரப்பட்டால் முள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். நாக்கும் உதடும் சட்டையும் கத்தரிப்பூச் சிவப்பாகிவிடும், வீட்டில் பொய் சொல்ல முடியாது. புதுச்சேரிக் கடற்கரைப் பக்கமும் இது உண்டு. எங்கள் வாத்தியார் இதை 'ஃபீக் த பர்பரி' என்பார். பர்பரி நாட்டு அத்திப்பழம். அது அத்தியும் இல்லை, அந்த நாட்டுச் செடியும் இல்லை. பெயர் வைப்பதில் எல்லா நாட்டாரும் ஒரே மாதிரிதான்.

இந்தியாவுக்குள் இந்தக் கள்ளிகள் பலவிதமாக வந்தன. ஆனால் அரசாங்கம் காசு செலவழித்து, தோட்டம் போட்டு, கப்பலில் வரவழைத்து வளர்த்ததற்குக் காரணம் பழம் இல்லை, வேலியும் இல்லை. சாயம். சாயம் என்றால் என்ன பணம் என்று திருப்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மெக்சிகோவில் வாகாகா என்ற பிரதேசத்தில் ஒருவகைக் கள்ளியில் காச்சினீல் என்ற சின்னப் பூச்சியை வளர்த்தார்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அதைக் காயவைத்து அரைத்தால் பட்டுக்கும் கம்பளிக்கும் அதற்கு இணையான சிவப்புச் சாயம் அன்று கிடையாது. ஒரு பவுண்டுச் சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின்காரர்கள் அந்த ரகசியத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் பலருக்கு அது விதையா பூச்சியா என்பதே வெகுகாலம் தெரியவில்லை.

அந்தப் பூட்டை உடைக்கப் போனவர் ஒரு பிரெஞ்சுக்காரர், தியெரி த மெனோன்வீல். 1777இல் தனி ஆளாக மெக்சிகோவுக்குள் நுழைந்தார். ஸ்பானிய அதிகாரிகள் வெளியேறச் சொல்லியும் கேட்காமல், நடந்தும் குதிரையிலும் வாகாகா வரை போனார். கீல்வாதத்துக்குக் களிம்பு செய்ய வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பூச்சியோடு கூடிய கள்ளி மடல்களை விலைக்கு வாங்கி, பெட்டிகளில் மற்றச் செடிகளுக்கு நடுவே மறைத்து, ஹைத்தித் தீவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூன்று ஆண்டுகளில் காய்ச்சலில் செத்துப்போனார். அவர் எழுதிய புத்தகம் 1787இல்தான் அச்சானது. துப்பறியும் நாவல் மாதிரி இருக்கும். பிரெஞ்சு தெரிந்தவர்கள் தேடிப் படிக்கலாம்.

அதே சமயத்தில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இருந்தார். ஊக்கமான மனிதர். 1786இல் கடற்கரைப் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு, இதுதான் காச்சினீல் என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது காச்சினீல் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் யோசனை கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்கள். கியூ தோட்டத்திலிருந்தும் செடிகள் வந்தன. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெரி அதற்குப் பொறுப்பாளர். செடி தயார், பூச்சி இல்லை. 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ நகரத்தில் கப்பல் நின்றபோது, பூச்சி ஒட்டிய கள்ளிகளை எடுத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது வளர்ப்புப் பூச்சி இல்லை, காட்டுப் பூச்சி. சாயம் மட்டமாக இருந்தது. ஆனால் அந்தப் பூச்சிக்குப் பசி அதிகம். 'மோனகாந்தா' என்ற வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது. 1836 முதல் 1838 வரை அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து, வேண்டாத கள்ளியை அழிக்கவே பயன்படுத்தினார்கள். ஒரு களையை ஒழிக்க வேண்டுமென்றே பூச்சியை விட்டது உலகத்திலேயே அதுதான் முதல் முறை என்று விஞ்ஞானிகள் குறிப்பிடுகிறார்கள். சாயத் தொழிலுக்கு வந்த பூச்சி, களையெடுக்கிற கூலி ஆளாயிற்று.

ஒரு கள்ளி போன இடத்தில் இன்னொரு கள்ளி வந்தது. அந்தப் பூச்சி தொடாத 'டில்லேனி' என்ற வகை. பெரியவர் சொன்ன நாகதாளி இதுதான். ஒரு மடல் கீழே விழுந்தால் போதும், வேர் விட்டுவிடும். புறம்போக்கு, ஏரிக்கரை, வண்டித்தடம், மேய்ச்சல் காடு என்று பிடித்துக்கொண்டது. கொங்கு நாட்டில் கொரங்காட்டுக்குக் கிளுவை வேலிதான் மரபு. கிளுவையை வைத்து வளர்க்க வேண்டும், வெட்டிவிட வேண்டும். இந்தக் கள்ளிக்கு எந்தப் பராமரிப்பும் வேண்டாம், அதுவே பெருகும். பெருகிப் பெருகி நிலத்துக்குள்ளும் வந்துவிடும். பாம்புக்கும் பெருச்சாளிக்கும் அதுவே கோட்டை. ஊரார் ஒதுங்கும் இடமும் அதன் மறைவுதான், அதனால் நாற்றம், நோய். விவசாயிக்கு அது பெரிய தொல்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைக் காச்சினீல் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இது டில்லேனியைத் தின்கிற பூச்சி. பூச்சி பிடித்த மடலை வெட்டி நல்ல செடியின் மேல் போட்டால் போதும். ஐந்து, ஆறு ஆண்டுகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற கள்ளிக்காடுகள் வெள்ளைப் பஞ்சு பூத்து, மஞ்சளாகி, கூழாகிச் சரிந்தன. கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் வல்லுநராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1931இல் தென்னிந்தியக் கள்ளிப் பூச்சிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அந்த நிலையத்தின் மூலம் சைதாப்பேட்டையில் இருந்த விவசாயப் பள்ளி. 1906இல்தான் கோவைக்கு மாறியது. ஆண்டர்சன் கள்ளி நட்ட அதே சைதாப்பேட்டை!

முப்பத்தைந்து வருடம் கோப்புக் கட்டியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த மாதிரி ஒரு கோப்பில் மீட்கப்பட்ட நிலத்துக்குப் பத்தி இருக்கும், செலவுக்குப் பத்தி இருக்கும். புறம்போக்கில் பழம் பறித்துத் தின்ற பையனுக்கும், பஞ்ச காலத்தில் முள்ளைச் சுட்டுப் பொசுக்கி மாட்டுக்கு மடல் போட்டவனுக்கும் பத்தி இருக்காது. நிலம் இருந்தவனுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. நிலம் இல்லாதவனுக்குக் காசில்லாமல் கிடைத்த ஒரு பழம் போயிற்று. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் மடகாஸ்கரைப் பார்க்கலாம். அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் தெற்கே தங்கள் கோட்டையைச் சுற்றி அரணாகப் பிரெஞ்சுக்காரர்களே அங்கே கள்ளி நட்டார்கள். வறண்ட தெற்குச் சீமையில் அது பரவி, மக்களுக்குப் பழம், மாட்டுக்குத் தீவனம், தண்ணீர் இல்லாத மாதங்களில் தண்ணீர், ஊருக்கு வேலி என்று எல்லாமாக ஆகிவிட்டது. 1920களில் அங்கேயும் காச்சினீல் பூச்சி வந்தது. கொண்டுவந்து விட்டவர் என்று பெரியே த லா பாத்தி என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரைச் சொல்கிறார்கள். சில வருடங்களில் தெற்கே கள்ளி அழிந்தது. மாடுகள் செத்தன. பஞ்சம் வந்தது. ஜனங்கள் ஊரைவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். நம் பக்கம் கள்ளி போனதில் யாரும் அப்படிச் சாகவில்லை, நமக்கு ராகியும் கம்பும் சோளமும் இருந்தன. ஆனால் பூச்சிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அதை விடுகிறவனுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அதே குடும்பத்தின் இன்னொரு செடியை நாமே கூப்பிட்டு, மானியம் கொடுத்து, கம்பம் நட்டு வளர்க்கிறோம். மொட்டை மாடியில் நானும் மூன்று டிரம்மில் வைத்திருக்கிறேன். வளர்ப்பது சிரமமில்லை. ஓர் அடி நீளக் கிளையை வெட்டி நிழலில் ஒரு வாரம் போட்டு, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகு நட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். செம்மண், மணல், தொழு உரம் கலந்து, டிரம்மின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். செடி தானாக நிற்காது. நடுவில் ஒரு சிமென்ட் கால் நட்டு, அதன் தலையில் பழைய ஸ்கூட்டர் டயரைப் பொருத்தினால், ஏறிப்போய் அதிலிருந்து குடை மாதிரித் தொங்கும். தொங்குகிற கிளையில்தான் பூ வரும். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ காய்க்கும். கள்ளி என்றால் எந்த வெயிலும் தாங்கும் என்று நினைக்கிறோம். பிறந்த காட்டில் இது மர நிழலில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி. சித்திரை வெயிலில் நம்மூர் மொட்டை மாடியில் மஞ்சளாக வெந்துபோகும். பச்சை வலை கட்டுவது அவசியம்.

பூ இரவில் மலரும், காலையில் வாடிவிடும். ஏறத்தாழ ஓர் அடி நீளத்தில், வெள்ளை வெளேரென்று. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்லி ராத்திரி விழித்திருந்து விளக்கேற்றிக் கும்பிடுகிறோமே, அதுவும் மெக்சிகோப் பக்கத்துக் கள்ளிதான், இதற்கு நெருங்கிய உறவு. தாய்நாட்டில் வௌவாலும் பெரிய அந்துப்பூச்சியும் மகரந்தம் சேர்க்கின்றன. வெள்ளைச் சதை வகை பெரும்பாலும் தானே காய் பிடித்துவிடும். சிவப்புச் சதையில் பல வகைகளுக்கு வேறு செடியின் மகரந்தம் தேவை. ராத்திரி எட்டரை மணிக்கு மேல் பெயின்ட் பிரஷோடு மாடிக்குப் போகிறேன். அக்கம்பக்கத்தில் என்ன நினைக்கிறார்களோ தெரியாது. காய் பிடித்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழம். சர்க்கரை நோய்க்கு மருந்து, அது இது என்று சொல்வதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சிவப்புப் பழம் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்படவும் வேண்டாம். பீட்ரூட்டிலும் நாகதாளிப் பழத்திலும் இருக்கிற அதே வகை நிறமிதான். காச்சினீல் பூச்சியின் சிவப்பு வேறு. ஐரோப்பாவில் மிட்டாயிலும் உதட்டுச் சாயத்திலும் அதை இன்றும் சேர்க்கிறார்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் பழகிய ஊர் இது. அத்திக்கடவுத் திட்டத்துக்காக இரண்டு தலைமுறை காத்திருந்து, 2024 ஆகஸ்டில்தான் குளங்களுக்குப் பவானித் தண்ணீர் வந்தது. தண்ணீர் அதிகம் கேட்காத பயிர் என்பதால் தோட்டக்காரர்களுக்கு இந்தப் பழத்தின் மேல் ஒரு கண் இருக்கிறது. கம்பத்துக்கும் கன்றுக்கும் ஆகும் முதலை நினைத்துத் தயங்குகிறார்கள்.

போன ஆவணியில் முதல் பழத்தை அறுத்து அந்தப் பெரியவருக்கு ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் எடுத்துச் சாப்பிட்டார்.

"சப்புன்னு இருக்குதுங்க" என்றார். "நாகதாளிக்கு ஒரு புளிப்பு இருக்கும். என்ன வெலைக்குங்க விக்கறாங்க இதை?"

சொன்னேன். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ரெண்டு கெளை குடுங்க, கிணத்து மேட்டு வேலியோரமா வெச்சுப் பாக்கறேன்" என்றார். மறுநாள் கிளைகளை வெட்டிக் கொடுத்து, ஒரு வாரம் நிழலில் காயவைக்கச் சொல்லி அனுப்பினேன்.